பேர் விழாத வேலை: மலையகத்து ஐயரம்மா ஒருவரின் வாழ்நாள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை "பேர்" என்றுதான் சொல்வோம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய், மலையில் நின்று, சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்துக் கொடுத்தால் முழுப் பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சம்பளம். செய்த வேலைக்குப் பேர் விழவில்லை என்றால் எங்கள் அம்மாமார் கணக்குப்பிள்ளையோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்து வாசலிலேயே சண்டைக்கு நிற்பார்கள், நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஜனவரியில் எங்கள் ஐயரம்மா, அதாவது எங்கள் மெதடிஸ்த சபைப் போதகர் ஐயாவின் மனைவி, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எழுபத்தேழு வயது. அடக்க ஆராதனையில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பு ஒன்றரைப் பக்கம், அதில் ஒன்றேகால் பக்கம் ஐயா எந்தெந்தச் சேகரத்தில் எத்தனை வருஷம் ஊழியம் செய்தார் என்பது. கடைசியில் ஒரு வரி: "ஐயாவின் ஊழியத்தில் உறுதுணையாக நின்றார்." வாசித்தவர் மேல் குறை சொல்ல மாட்டேன், இருக்கிற பதிவை வைத்துத்தானே அவர் எழுத முடியும், பதிவில் இருப்பதோ ஐயாவின் பேர் மட்டும்தான். 1972 முதல் 2003 வரை முப்பத்தொரு வருஷம் செய்த வேலைக்கு அம்மாவுக்கு ஒரு பேர்கூட விழவில்லை. அந்த வேலை என்ன, அது எங்கிருந்து வந்தது, மலையகத்தில் அது ஏன் இவ்வளவு பாரமாக இருந்தது என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் பட்டது. அதனால் எழுதுகிறேன்.

மெதடிஸ்த சபையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் போதகர் தான் விரும்பிய இடத்தில் விரும்பிய காலம் இருக்க முடியாது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள கோவில்கள் சில சேர்ந்து ஒரு சேகரம். எந்தச் சேகரத்துக்கு யார் என்பதை வருடாந்த மாநாடு தீர்மானிக்கும். நாலைந்து வருஷம் போனதும் பட்டியலில் பேர் மாறும், சாமான் கட்ட வேண்டியதுதான். இது ஜோன் வெஸ்லி காலத்து ஏற்பாடு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர் அவர், தன்னோடு சேர்ந்த பிரசங்கிமாரையும் ஓரிடத்தில் வேர்விட விடாமல் சுற்ற வைத்தார். 1751 இல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அடுத்த மாதமே நாட்குறிப்பில் எழுதுகிறார்: கல்யாணம் கட்டிக்கொண்டதற்காக ஒரு மெதடிஸ்த பிரசங்கி ஒரு பிரசங்கத்தையோ ஒரு நாள் பயணத்தையோ குறைத்தால், அவன் கடவுளுக்கு எப்படிப் பதில் சொல்வான் என்று எனக்கு விளங்கவில்லை, என்று. அந்தத் திருமணம் நல்லபடியாக அமையவில்லை, மனைவி பிரிந்து போனார். வெஸ்லி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு வழக்கு இருக்கிறது. தனிக்கட்டையாகக் குதிரையில் போகிற ஓர் ஆணின் அளவுக்குத் தைத்த சட்டை அது. அதே சட்டையைத்தான் மனைவி, கைப்பிள்ளை, பாட்டி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் முழுக்க இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் போட்டுக்கொள்கிறது.

எங்கள் ஐயரம்மா எட்டுத் தடவை வீடு மாறினார். அவரிடம் ஆறு தேயிலைப் பெட்டிகள் இருந்தன. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியைத் தெரியாது, ஒட்டுப்பலகையில் செய்து ஓரமெல்லாம் தகரப் பட்டி அடித்து உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும், தேயிலை கப்பலுக்குப் போனது அதில்தான். வீடு மாறும்போது அவை சாமான் பெட்டி, மாறி முடிந்ததும் துணி போர்த்திய மேசை, முக்காலி. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருந்தார். லொறி சபை கொடுக்கிற புதிய மிஷன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றால் முதலில் இறங்க வேண்டியது நாலாம் பெட்டி. அதில் கேத்தல், தேயிலை, சீனி, டம்ளர், ஒரு கட்டு விறகு, நெருப்புப் பெட்டி எல்லாம் இருக்கும். கட்டில் இறங்குவதற்கு முன்னாலேயே தேத்தண்ணி கொதிக்கும், ஏனென்றால் லொறிச் சத்தம் கேட்டதும் சபையார் வந்துவிடுவார்கள், வந்தவர்கள் வெறும் வாயோடு போகக்கூடாது. புதிய ஐயா எப்படிப்பட்டவர் என்று சபை தெரிந்துகொள்வது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் அந்த முதல் தேத்தண்ணியிலேயே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடும்.

அம்மா மட்டக்களப்புப் பெண். அங்கே மெதடிஸ்தம் பழையது. 1814 ஜூன் 29 இல் காலியில் வந்திறங்கிய முதல் மெதடிஸ்த மிஷனரிமாரில் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குப் போய்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார், ஓர் ஆண்டு நிறைவதற்குள் 1815 ஏப்ரலில் அங்கேயே இறந்தும் போனார். மட்டக்களப்பு நகரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதே கப்பல் பயணத்தில் புறப்பட்ட அவருடைய மனைவி இலங்கையைக் காணவே இல்லை, வழியில் கடலிலேயே உயிர் விட்டார். இந்தக் கதையை எங்களுக்கு ஞாயிறு பாடசாலையில் சொன்னது ஐயரம்மாதான். சொல்லிவிட்டு, "சிலைக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிக்க இடமிருக்கு, மனே" என்றார். அப்போது எனக்கு எட்டு வயது, "மனே" என்று அவர் கூப்பிடுவதைக் கேட்டு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம், மலையகத்தில் யாரும் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவதில்லை. சொன்னதன் பொருள் பிடிபட எனக்கு நாற்பது வருஷம் எடுத்தது.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் அடிக்கடி சொல்வார். வெஸ்லியின் தாய் சூசன்னா. அவரும் ஐயரம்மாதான், கணவர் எப்வர்த் என்ற கிராமத்தில் அங்கிலிக்கன் குரு. பத்தொன்பது பிள்ளைகள் பெற்று அதில் பாதியளவைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர், கடனும் நோயும் நிறைந்த வீடு. 1711 கடைசியிலிருந்து அடுத்த வருஷம் வரை கணவர் சபை வேலையாக இலண்டனில் இருக்க, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளையும் வேலையாட்களையும் சமையலறையில் உட்கார வைத்து ஜெபம் நடத்தினார், ஒரு பிரசங்கமும் வாசித்துக் காட்டினார். ஊரார் வரத் தொடங்கினார்கள். இருநூறு பேர் வரை வந்து நிற்க இடமில்லாமல் போயிற்று. உதவிக் குருவுக்கு இது பிடிக்கவில்லை, இலண்டனுக்குக் கடிதம் பறந்தது, கணவரும் நிறுத்தினால் நல்லது என்று எழுதினார். அதற்கு சூசன்னா எழுதிய பதில் இன்றைக்கும் இருக்கிறது: நிறுத்த வேண்டும் என்பது உங்கள் விருப்பம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது என் மனச்சாட்சிக்குப் போதாது, கட்டளையாகவே அனுப்புங்கள், நாளைக்கு நியாயாசனத்துக்கு முன் நிற்கும்போது பொறுப்பு என் மேல் இருக்கக்கூடாது. கட்டளை வரவில்லை, கூட்டம் நடந்தது. அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்த ஜோனுக்கு அப்போது எட்டு வயது. மெதடிஸ்தம் பிறந்த நாள் என்று, ஜோனின் உள்ளம் அனல்கொண்ட 1738 மே 24 ஐக் கொண்டாடுகிறோம், சந்தோஷம். என்னைக் கேட்டால் அதன் அடுப்பு அதற்கு முன்பே எப்வர்த்தில் மூட்டப்பட்டிருந்தது.

மிஷன் காலத்திலும் இதே கதைதான். மிஷனரியின் மனைவிக்குப் பட்டியலில் இடமில்லை, ஆனால் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நச்சரித்ததும், வீட்டுத் திண்ணையில் தையல் வகுப்பு என்ற பேரில் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் பெரும்பாலும் அவர்களே. 1858 இல் இலண்டனில் மெதடிஸ்தப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து கீழை நாடுகளுக்கு ஆசிரியைகளை அனுப்பத் தொடங்கினார்களே, அதைத் தூண்டியது நாகப்பட்டினத்திலிருந்து மேரி பாச்சலர் என்ற மிஷனரி மனைவி எழுதிய கடிதம். கண்டியில் 1879 இல் பெண்கள் உயர்தரப் பாடசாலையை மெதடிஸ்த மிஷன் தொடங்கியதும், பிறகு சாமுவேல் லாங்டன் போன்றவர்கள் ஊவாப் பக்கம் பதுளை, அப்புத்தளை என்று ஏறி வந்ததும் அந்த அலையில்தான்.

ஆனால் கோவில் எங்கே கட்டினார்கள் என்று பாருங்கள். டவுனில். சனம் இருந்ததோ தோட்டத்தில். தோட்டத் தமிழர் மத்தியில் 1854 இலேயே, கோப்பிக் காலத்திலேயே, அங்கிலிக்கன் மிஷன் வேலை தொடங்கிவிட்டது. மெதடிஸ்தரும் தங்கள் பங்குக்கு வந்தார்கள், ஆனாலும் எங்கள் ஆட்கள் பெரும்பான்மை இந்துக்கள், ஒரு தோட்டத்துக்கு ஐந்து குடும்பம், எட்டுக் குடும்பம் என்று சிதறித்தான் நாங்கள் இருந்தோம், இன்றைக்கும் அப்படித்தான். அதனால் டவுனில் ஒரு கோவில், சுற்றிப் பத்துப் பதினைந்து தோட்டம் என்பது ஒரு மலையகச் சேகரத்தின் வடிவம். மட்டக்களப்பில் ஐயா சைக்கிளில் ஒரு காலைக்குள் சுற்றி முடிக்கிற சபையை இங்கே முடிக்க ஒரு கிழமை போதாது. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து மூன்று மைல் ஏற்றம், மழைக்காலம் என்றால் அட்டை வேறு. ஆராதனை, வேலைக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவிலோ யாராவது ஒருவர் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பிலோ நடக்கும்.

இங்கேதான் ஐயரம்மாவின் வேலை வேறு மாதிரி ஆகிறது. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்குரிய காம்பரா என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதற்குள் ஏழெட்டு உயிர், முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஐயா வந்தால் இஸ்தோப்பில் பாய் விரித்து, அல்லது பக்கத்து வீட்டுக் கதிரையை இரவல் வாங்கிப் போட்டு உட்கார வைப்போம், மரியாதை அது. வீட்டு ஆண்கள் பேசுவார்கள், ஐயா ஜெபித்துவிட்டுப் போவார். அம்மா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திவிடுவார். மலையிலிருந்து அஞ்சு மணிக்கு வந்து இடுப்பில் கட்டின படங்கை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் மாவு பிசைகிற பெண்ணோடு பேச வேண்டுமென்றால் அந்த இடத்தில்தான் பேச முடியும். இஸ்தோப்பில் "எல்லாம் கர்த்தர் கிருபை, ஐயா" என்று சொன்ன அதே வீட்டில், அடுப்படியில் வேறு கதை வரும். சம்பளத்தில் பாதி சாராயத்துக்குப் போன கதை, நாலாவது பிள்ளை வயிற்றில் தங்கி யாருக்கும் சொல்லாமல் இருக்கிற கதை, பன்னிரண்டு வயது மகளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பி எட்டு மாதமாகக் கடிதம் இல்லாத கதை, பிற்காலத்தில் தாயே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட பிள்ளை பாட்டியிடம் தங்கின கதை. எங்கள் சேகரத்தில் ஒரு ஐயா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சபையில் பாதிப் பேரின் வாழ்க்கை அவர் காதில் விழவே விழாது. ஐயரம்மா போனால் விழும். கேட்டதை அவர் ஐயாவிடம்கூட எல்லாம் சொல்ல மாட்டார் என்று என்னைப் பெற்ற அம்மா சொல்வார், அதனால்தான் பெண்கள் சொன்னார்கள்.

அவர் முதல் தடவை எங்கள் சேகரத்துக்கு வந்தது 1974. அந்த வருஷத்தை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, உலகச் சந்தையில் அரிசியும் மாவும் விலை ஏறியது, பங்கீடு வெட்டப்பட்டது. ஊர்ப்புறத்தில் ஒரு மரவள்ளிக்கிழங்காவது நட நிலம் இருந்தது, எங்களுக்கு அதுவும் இல்லை, தோட்டங்களில் வேலை நாளும் குறைந்தது. பட்டினியில் ஆட்கள் செத்தார்கள். மிஷன் வீட்டில் கஞ்சி காய்ச்சினார்கள், தினமும் இல்லை, அரிசி கிடைத்த நாட்களில். ஆனால் எனக்கு அதைவிட நினைவில் நிற்பது அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகை.

அறுப்பின் பண்டிகைக்கு விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஆராதனை முடிய ஏலம் விடுவது வழக்கம், வருகிற காசு சபைக்கு. அந்த வருஷம் பீடத்துக்கு முன்னால் டவுன் கடைக்காரர்கள் வைத்த இரண்டு பூசணிக்காயும் கொஞ்சம் சவ்சவ்வும் கிடந்தன. கீழ்க்கணக்கு என்ற தோட்டப் பிரிவிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார், புருஷன் இல்லாதவர், மூன்று பிள்ளைகள். முந்தானைக்குள்ளிருந்து கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை எடுத்து, வாழை நாரில் கட்டியது, ஒருவரும் பார்க்காத மாதிரி பூசணிக்காய்க்குப் பின்னால் வைத்தார். ஏலத்தில் சபைப் பொறுப்பாளரான உக்கிராணக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்து அந்தக் கட்டைத் தூக்கினதும் ஹோலில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஐயரம்மா எழும்பி, "அம்பது சதம்" என்றார். அப்புறம் கடைக்காரர் ஒருவரைப் பார்த்தார், சும்மா பார்த்தார், அவ்வளவுதான். அவர் "அறுபது" என்றார். அம்மா "எழுபத்தஞ்சு". கடைசியில் ஒன்றரை ரூபாய்க்குப் போனது, பூசணிக்காயை விடக் கூட. வாங்கியது அம்மா, முட்டை விற்ற காசில், மிஷன் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தார். உடனே கட்டைப் பிரித்து அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் ஒவ்வொரு இணுக்காகக் கொடுத்தார், அந்த அக்காவுக்கும். அவர் தலையை நிமிர்த்தி அதை வாங்கினதை நான் பார்த்தேன். ஐயா அன்றைக்கு என்ன பிரசங்கித்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் காலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது தெரிந்த கதை. 1964 இல், இலங்கை மெதடிஸ்த திருச்சபை பிரித்தானிய மாநாட்டிலிருந்து தனித்துச் சுயாதீன சபையான அதே வருஷம், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது, மீதி 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். இந்தக் கணக்கெல்லாம் லயத்துக்கு வந்து சேரும்போது கடுதாசியாக வரும், நிரப்ப வேண்டிய படிவமாக வரும். அதை வாசிக்கவும் நிரப்பவும் ஆள் வேண்டும். சாயந்தரம் மிஷன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அம்மா உட்கார்ந்து எழுதுவார், சபையார் மட்டுமில்லை, இந்துக் குடும்பங்களும் வரிசையில் நிற்கும். பிறப்பு அத்தாட்சி இல்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானப் பதிவைப் பிரதி எடுத்துக் கொடுத்தார், அது இல்லாதவர்களுக்கு எந்தக் காரியாலயத்தில் என்ன கேட்க வேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு ஆட்கள் போகிற நாள் வரும். இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற தலைமன்னாருக்குப் போகிற அந்த ரயிலை நாங்கள் ஒப்பாரிக் கோச்சி என்போம், பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களும் ஏறுகிறவர்களும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துத்தான் அது புறப்படும். சபைக் குடும்பம் ஒன்று ஏறினால் அம்மா ஸ்டேஷனுக்குப் போவார், கையில் ரொட்டியும் சம்பலும் கட்டின பார்சலோடு, கூடவே தபால் தலை ஒட்டி விலாசம் எழுதின ஒரு தபாலட்டை. போய்ச் சேர்ந்ததும் பெட்டியில் போடு, ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிக் கொடுப்பார். இந்தியத் தபால் தலையை எங்கிருந்து எடுத்தார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வெறும் அட்டைகள் சில திரும்பி வந்தன.

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 ஜூலையில் அவர்கள் இரண்டாம் தடவையாக எங்கள் சேகரத்தில் இருந்தார்கள். அதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கோவிலில் காலையில் சிங்கள ஆராதனை, அது முடிய தமிழ் ஆராதனை, ஒரே கட்டடம், ஒரே மணி. ஞாயிறு பாடசாலை ஹோலில் ஒன்பது நாள் முப்பது பேருக்கு மேல் இருந்தோம், சிங்கள சபைப் பெண்கள் இரண்டு பேர் இருட்டின பிறகு பின்பக்கத்து வேலி வழியாக அரிசியும் பருப்பும் கொண்டுவந்தார்கள். அம்மாவின் உடைந்த சிங்களத்தைக் கேட்டு முன்பெல்லாம் சிரித்தவர்கள்தான் அந்த இருவரும். நாலு வருஷம் மாதர் ஐக்கியத்தில் ஒன்றாகக் கேக் சுட்டு விற்ற பழக்கம் அந்த வேலியில் உதவியது.

சரி, இத்தனைக்கும் அவர் வீட்டு நிலைமை என்ன? போதகரின் படி எப்போதுமே சின்னது. வீடு சபையுடையது, கதிரை மேசை சபையுடையது, கதவு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். அம்மா பயிற்றப்பட்ட ஆசிரியை. முந்தின தலைமுறை ஐயரம்மாமாருக்கு அது சுகமாக இருந்தது, கணவர் எங்கே போனாலும் அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருக்கும், அதில் ஒரு வேலை கிடைக்கும். 1960 இல் சட்டம் வந்து உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது நல்லதே செய்தது என்பதுதான் என் கட்சி. ஆனால் ஐயரம்மாவுக்கு அதன் பிறகு இரண்டு எசமான்கள். ஐயாவை மாற்றுவது மாநாடு, அம்மாவை மாற்றுவது கல்வி இலாகா, இரண்டும் ஒன்றையொன்று கேட்பதில்லை. ஒரு காரியாலயத்தில் மாற்றத்துக்கு எழுதிப்போட்டு ஒன்றரை வருஷம் நடந்தார், பிள்ளைகளோடு ஐயா ஓரிடம், அம்மா ஓரிடம். கடைசியில் வேலையை விட்டுவிட்டார். ஓய்வூதியமும் அதோடு போயிற்று. ஐந்து பள்ளிக்கூடம் மாறிப் படித்த அவருடைய மூத்த மகள் ஒரு தடவை என்னிடம் சொன்னாள், "எங்களுக்குச் சிநேகிதம் பிடிக்கவே பயம், பிடிச்சா பிரியணுமே" என்று.

சபையும் எப்போதும் அன்பாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். புதுச் சேலை கட்டினால் "காணிக்கைக் காசு" என்றார்கள், பழையது கட்டினால் "சபைக்கு மரியாதை இல்லை" என்றார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போனால் மற்ற வீடு கோபித்துக்கொள்ளும், அதனால் ஊரில் ஒருவரோடும் மனம் விட்டுப் பழக முடியாது. எனக்கு நீண்ட நாளாக ஒரு கேள்வி இருந்தது: ஐயா எல்லோருக்கும் போதகர், ஐயாவே அவருக்குப் புருஷன், அப்போ ஐயரம்மாவுக்குப் போதகர் யார்? வளர்ந்த பிறகு அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "விடியச்சாமம் எழும்பி அடுப்படியில இருப்பன் மனே. அந்த நேரத்தில மட்டும் ஒருத்தரும் கதவு தட்ட மாட்டாங்க."

ஐயா 2003 இல் ஓய்வு பெற்றதும், எங்கே போவது என்ற கேள்வி வந்தது. முப்பத்தொரு வருஷம் மிஷன் வீடுகளில் இருந்தவர்களுக்குச் சொந்த வீடு இல்லை. மட்டக்களப்பில் அம்மாவின் சீதனக் காணி யுத்தத்தில் பாழாகிக் கிடந்தது, அடுத்த வருஷம் கடலும் வந்து போனது. எங்கள் டவுனுக்கு மேலே இரண்டு அறை உள்ள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். ஐயா போய் ஆறு வருஷம் அம்மா தனியே இருந்தார். வருஷத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஒரு ஜெபம் உண்டு, உமக்காக வேலை செய்ய என்னை வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற கருத்தில். அந்த இடம் வரும்போது அம்மாவின் குரல் மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு கேட்கும். கடைசி ஜனவரியிலும் கேட்டது, அதற்குப் பிறகு இரண்டு கிழமைதான் இருந்தார்.

காலம் மாறிவிட்டது என்பதும் உண்மை. பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் இப்போது பெண்களும் படித்து அபிஷேகம் பெற்று வருகிறார்கள். ஒரு பெண் போதகரின் கணவரிடம் யாரும் போய் ஞாயிறு பாடசாலையை நடத்தித் தாருங்கள், அறுப்பின் பண்டிகைக்குச் சமையலைப் பாருங்கள் என்று கேட்பதை நான் காணவில்லை. இப்போதுள்ள எங்கள் ஐயரம்மா வங்கியில் வேலை செய்கிறார், வீடு வந்து சேர ஆறரை ஆகும். அவர் தோட்டத்துக்கு வருவதில்லை என்று போன மாதம் கூட்டத்தில் ஒருவர் குறை சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை வங்கியில் செய்யும் வேலைக்குச் சம்பளம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

ஆனால் அடுப்படியில் குந்துவதற்கு ஆள் தேவை என்பது மாறவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்து மலை சரிந்தபோது பாடசாலைகளில் தங்கியிருந்த பெண்களிடம் நிவாரணப் பட்டியல் எடுக்கப் பத்துப் பேர் போனார்கள், என்ன வேண்டும் என்று கேட்டதற்கு எல்லாம் இருக்கிறது என்றார்கள். அந்த நேரம் முட்டி நோவோடு கம்பு ஊன்றிப் போன எழுபத்தேழு வயதுக் கிழவி ஒருவரிடம்தான் மாதத் துணி இல்லை, மாற்று உள்ளாடை இல்லை, கதவில்லாத கழிவறைக்கு இரவில் போகப் பயம் என்று சொன்னார்கள். அதுதான் அம்மா கடைசியாகத் தோட்டப் பக்கம் போனது.

அடக்கம் முடிந்து வீட்டைத் துப்புரவாக்கும்போது நாலாம் பெட்டிக்குள் சீ.ஆர். கொப்பிகள், தடித்த நோட்டுப் புத்தகங்கள், பதினொன்று கிடைத்தன. சேகரம் வாரியாக, கணக்கு வாரியாக, லயம் வாரியாகப் பெண்களின் பேர். பேருக்கு எதிரே ஒரு சொல், இரண்டு சொல், பக்கத்தில் போய்ப் பார்த்த திகதிகள். மூன்றாம் கொப்பியில் என் அம்மா இருக்கிறார்: "மூச்சு முட்டு. மூத்தவன் படிக்கிறான். நிப்பாட்ட விடக்கூடாது." அந்த வருஷம் பதினாலு திகதி.

கொப்பிகளை மகள்தான் வைத்திருக்கிறாள், அது குடும்பத்துக்குரியது, பெண்கள் நம்பிச் சொன்னதும் அதில் இருக்கிறது. எங்கள் சேகரத்துக் கொப்பிகள் இரண்டிலிருந்தும் பேரையும் லயத்தையும் மட்டும் பிரதி எடுத்துத் தந்தாள். மாதர் ஐக்கியத்தில் நாலு பேர் தோட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள், யார் எங்கே போனார் என்று கூட்டப் பதிவில் எழுதவும், பஸ் காசைச் சபை கொடுக்கவும் தீர்மானம் எடுத்தாயிற்று. வருகிற சனிக்கிழமை மேல்கணக்கு. நாலு மணி பஸ்ஸில் போனால் அவர்கள் மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.